கோவிந்தப்பா வெங்கடசாமி

மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 - சூலை 7, 2006) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண் அறுவை மருத்துவர் ஆவார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவர். மருத்துவமனைக்கு வர இயலாத கிராமத்து முதியோரை நாடிச் சென்று மருத்துவம் செய்யும் கண் சிகிச்சை முகாம்களைத் தென் மாவட்டங்களில் வேரூன்றச் செய்தவர். டாக்டர் வி என்ற பெயராலும் அறியப்படுகிறார். இவர் தம் கைகளால் செய்த கண் அறுவைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டது. கண்புரை முதுமையில் வரும் நோய் என்பதால், இவருடைய பணியின் பெரும்பகுதி முதியோர் மருத்துவம் எனவும் கொள்ளலாம்.

பிறப்பும் இளமையும்

வெங்கடசாமி எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பம் ஒன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். அவ்வூர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது; இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. காலையில் எருமைகளை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டே பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. தாளும் எழுதுகோலும் இல்லாத அப்பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் எழுதிப் பழகினர்.

இவருடைய சிறு வயதில் உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் அடுத்தடுத்து இறந்தனர். ஊரில் மருத்துவர் எவரும் இல்லை. மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் இவருக்கு அப்போதே தோன்றியது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938 இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944 இல் மருத்துவப் படிப்பை முடித்தார். 1945 இல் இந்திய இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

முடக்குவாதம்

இராணுவப் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. கடுமையான முடக்குவாதம் இவரைத் தாக்கியதால் 1948 இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். மூட்டுகள் வீங்கி, விரல்கள் கோணி, ஓராண்டுக்கும் மேலாகப் படுத்த படுக்கையாக இருந்தார். எழுந்து நின்ற பின்னரும் எழுதுகோலைப் பிடிக்க முடியாத நிலை நீடித்தது. மகப்பேற்று மருத்துவத்துக்கு வேண்டிய உடல் வலு திரும்பாது என்பது தெளிவானதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1951 இல் அத்துறையில் பட்டயம் பெற்றார்.

கண் அறுவையில் கத்தி செல்லும் தொலைவு மில்லிமீட்டர் கணக்கில் அளக்கப்படுவது. கோணிய விரல்களைக் கொண்டு அதைச் செய்வதற்காகத் தம் கைக்கு ஏற்றவாறு கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். நீண்ட பயிற்சிக்குப் பின் ஒரே நாளில் நூறு வரை அறுவைகள் செய்யும் ஆற்றலைப் பெற்றார். முடக்குவாத வலி இவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பிறர் கைபிடித்துத் தூக்கிவிட்டால் அன்றி எழ முடியாத நோயாளியாகத் தாமே நெடுங்காலம் இருந்தது, பின்னாளில் பார்வையிழந்த முதியோரின் நிலையை இவர் உணர்வதற்குத் துணை செய்திருக்கக் கூடும்.

அரசுப் பணியும் முகாம்களின் தொடக்கமும்

1956 இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும் அரசு எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். (இம்மருத்துவமனை பின்னர் அரசு இராசாசி மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது.) இருபது ஆண்டுகள் இப்பொறுப்பில் இருந்தார்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசமாகவே வழங்கப்பட்டது. ஆயினும் கண்புரையால் பார்வையிழந்த முதியோரில் மிகச் சிலரே அங்கு வந்தனர். காரணங்களை அறிவது கடினமன்று. பார்வையற்ற முதியவர் தனியே பேருந்து ஏற முடியாது. மகனோ மகளோ உடன் வர வேண்டும். அவர்கள் வரும் நாள்களில் கூலி போகும். இருவருக்கும் பயணச் செலவும் நகரத்தில் உணவுச் செலவும் உண்டு. கத்தி வைத்தால் உள்ள வெளிச்சமும் போய்விடும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, வயது போனால் பார்வையும் போகும், அது இயல்பு என்ற எண்ணம் வீட்டாரிடமும் முதியோரிடமும் ஒருங்கே இருந்தது. பார்வை போன பின் வீட்டின் திண்ணையிலேயே எஞ்சிய காலத்தைக் கழிப்பதைப் பலர் விதியாக ஏற்றிருந்தனர்.

இந்நிலையில் 1960 ஆம் ஆண்டு முதல் வெங்கடசாமி மருத்துவக் குழுவுடன் ஊர்களுக்குச் சென்று முகாம்கள் நடத்தத் தொடங்கினார். தொடக்க கால முகாம்களில் சோதனையோடு அறுவையும் அங்கேயே நடைபெற்றது. பள்ளிக்கூடமோ சத்திரமோ திருமண மண்டபமோ சில நாள்களுக்கு மருத்துவமனையாக மாறும். வகுப்பறை ஒன்று அறுவை அறையாகும். மற்றவற்றில் பாய்கள் விரிக்கப்படும். அன்றைய அறுவை முறையில் புரை படிந்த வில்லை முழுவதும் வெளியே எடுக்கப்பட்டது. காயம் ஆறும் வரை தலையை அதிகம் அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டும். ஆகவே முகாம் என்பது ஒரு நாள் சோதனையாக இல்லாமல், நூற்றுக்கணக்கான முதியோர் ஒரே கூரையின் கீழ்த் தங்கி உண்டு, உறங்கி, பராமரிக்கப்படும் தற்காலிக இல்லமாகவே அமைந்தது. உணவு சமைப்பது, கழிப்பறைக்குக் கைபிடித்து அழைத்துச் செல்வது, நேரத்துக்குச் சொட்டு மருந்து இடுவது ஆகிய வேலைகளுக்கு மருத்துவரை விட ஊர்த் தொண்டர்களே மிகுதியாகத் தேவைப்பட்டனர்.

அறுவைக்குப் பின் தடித்த கண்ணாடி தரப்பட்டது. மக்கள் இதைச் சோடாப்புட்டிக் கண்ணாடி என்றனர். அது உடைந்தாலோ தொலைந்தாலோ முதியவர் மீண்டும் ஏறக்குறையப் பார்வையற்றவராகிவிடுவார். இக்குறை 1990கள் வரை நீடித்தது.

1966 இல் பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையம் ஒன்றையும், 1973 இல் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியையும் வெங்கடசாமி தொடங்கினார். பன்னாட்டுப் பார்வையின்மைத் தடுப்பு இயக்கத்தின் முன்னோடியும், சிறுவயதில் பார்வையிழந்தவருமான சர் சான் வில்சனுடன் 1960களில் ஏற்பட்ட தொடர்பு இவருடைய பணி தமிழகத்துக்கு வெளியே அறியப்படக் காரணமாயிற்று.

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதி

முகாம்களின் தேவையை விளங்கிக்கொள்ள அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டாகும். 1985 இல் பிரிக்கப்படும் வரை இம்மாவட்டம் இன்றைய விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களையும் உள்ளடக்கியிருந்தது. வெங்கடசாமி பணியாற்றிய காலம் முழுவதும் இப்பெரும் பரப்பில் ஒரு மருத்துவக் கல்லூரியும் இல்லை. சிவகங்கையில் 2012 இலும், இராமநாதபுரம், விருதுநகர் ஆகிய இடங்களில் 2022 இலுமே அரசு மருத்துவக் கல்லூரிகள் செயல்பாட்டுக்கு வந்தன. அதுவரை பெரிய அறுவைகளுக்குப் பெரும்பாலும் மதுரையை நாட வேண்டியிருந்தது.

இராமநாதபுரம் நகரிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பாம்பன் சாலைப் பாலம் 1988 இல் திறக்கப்படும் வரை தீவுக்குச் சாலை வழியே இல்லை, தொடர்வண்டியோ படகோதான். இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் ஆகிய ஊர்களில் பார்வை மங்கிய ஒரு மூதாட்டி மதுரைக்குச் செல்வதானால் மீட்டர்கேஜ் தொடர்வண்டியில் பாலத்தைக் கடந்து, மானாமதுரை வழியாக நாளின் பெரும்பகுதியைப் பயணத்தில் கழிக்க வேண்டும்.

மேலும் இக்கரையின் தொழில்கள் கண்ணுக்குக் கேடு செய்பவை. மீன்பிடித்தல், உப்பளம், பனையேறுதல் ஆகிய மூன்றும் நாள் முழுதும் வெயிலில் நடப்பவை. நீரிலும் உப்பிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி, நேராக விழும் வெயிலோடு சேர்ந்து கண்ணைத் தாக்கும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் ஒருவகைக் கண்புரைக்கான வாய்ப்பை மிகுவிக்கின்றன என்பது, அமெரிக்காவின் செசபீக் விரிகுடா மீனவர்களிடம் நடத்தப்பட்டு 1988 இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. அவ்வாய்வு இராமநாதபுரத்தில் நடத்தப்பட்டதன்று எனினும், தொழிலின் தன்மை ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் இளையோர் பிழைப்புக்காக வெளியூர் செல்வதும், முதியோர் தனித்து விடப்படுவதும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. கைபிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லாத முதியவருக்கு மருத்துவமனையின் இலவசக் கட்டில் பயன்படுவதில்லை.

அரவிந்த் கண் மருத்துவமனை

1976 இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வெங்கடசாமி, கோவல் அறக்கட்டளையை நிறுவி மதுரை அண்ணா நகரில் 11 கட்டில்களுடன் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். அவற்றில் ஆறு கட்டணம் செலுத்துவோருக்கும் ஐந்து இலவச நோயாளருக்கும் ஒதுக்கப்பட்டன. தாம் பின்பற்றிய அரவிந்தரின் பெயரை மருத்துவமனைக்கு இட்டார். வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்காததால் வீட்டை அடகு வைத்தார்; உடன்பிறந்தோரின் நகைகளும் அடகுக் கடைக்குச் சென்றன. தங்கை கோ. நாச்சியார், அவர் கணவர் பெ. நம்பெருமாள்சாமி ஆகிய கண் மருத்துவர்களும், கட்டடப் பொறியாளரான தம்பி கோ. சீனிவாசனும் பிற உறவினரும் இப்பணியில் இணைந்தனர். வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை.

1978 இல் 70 கட்டில்கள் கொண்ட இலவச மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1981 இல் மதுரையில் பெரிய கட்டடம் எழுந்தது. தேனி (1985), திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) ஆகிய இடங்களில் கிளைகள் தொடங்கப்பட்டன. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயைக் கொண்டே இலவச அறுவைகளின் செலவு ஈடு செய்யப்பட்டது. ஒரு மருத்துவருக்கு இரண்டு அறுவை மேசைகள் அமைக்கப்பட்டன. ஒன்றில் அறுவை முடியும்போது அடுத்த நோயாளி மற்றதில் ஆயத்தமாக இருப்பார். இதனால் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவைகளுக்கு மேல் செய்ய இயன்றது. அமெரிக்க விரைவு உணவகங்களின் ஒழுங்கை வெங்கடசாமி வியந்து நோக்கியதும், அதைக் கண் மருத்துவத்தில் கொண்டுவர விரும்பியதும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. இவ்வொப்புமை சற்று மிகையாகவே பரவிவிட்டது எனலாம். உணவகத்துக்கு வாடிக்கையாளர் தாமே வருவர். கண்புரை முதியோரை அழைத்து வர வேண்டும். உழைப்பின் பெரும்பகுதி அதில்தான் இருந்தது.

முகாம் நடைபெறும் முறை

அரவிந்த் தொடங்கிய பின் முகாமின் வடிவம் மாறியது. தற்காலிக இடங்களில் அறுவை செய்வதால் கிருமித் தொற்று ஏற்படும் ஆபத்து அதிகம். எனவே சோதனை மட்டும் ஊரில் நடைபெறும். அறுவைக்குரியோர் மதுரைக்கு அழைத்துவரப்படுவர் என்ற முறை படிப்படியாக நிலைபெற்றது.

முகாமை அரிமா சங்கம், சுழற்சங்கம், வங்கி, ஆலை, கோயில் அறக்கட்டளை என ஏதேனும் ஓர் உள்ளூர் அமைப்பு முன்னின்று நடத்தும். துண்டறிக்கை அச்சிடுவது, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிப்பது, இடம் ஏற்பாடு செய்வது ஆகியன அவ்வமைப்பின் பொறுப்பு. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் முகாம் கூடும். மருத்துவக் குழு விடியற்காலையிலேயே மதுரையிலிருந்து புறப்பட்டுவிடும். முதலில் பார்வை அளவிடப்படும். பின்னர் கண்ணழுத்தம், கண்ணீர்ப்பை, இரத்த அழுத்தம், சிறுநீரில் சர்க்கரை ஆகியன சோதிக்கப்படும். கண்ணாடி மட்டும் தேவைப்படுவோருக்குக் கண்ணாடி பரிந்துரைக்கப்படும்.

அறுவை தேவைப்படுவோர் அன்று மாலையே பேருந்தில் மதுரைக்குப் புறப்படுவர். போக்குவரத்து, உணவு, தங்குமிடம், அறுவை, மருந்து அனைத்தும் இலவசம். துணைக்கு உறவினர் வர வேண்டிய தேவை இல்லை. இதுவே இம்முறையின் முதன்மையான கூறு ஆகும். ஒரே ஊரைச் சேர்ந்த இருபது முப்பது முதியோர் ஒன்றாகப் பயணம் செய்து, ஒரே கூடத்தில் பாயில் படுத்து, சில நாள்களில் ஒன்றாகவே திரும்புவர். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் தெரிந்தவர் என்பதே அச்சத்தைப் பெரிதும் குறைத்தது. இவர்களைக் கவனித்தோர் இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். பெரும்பாலும் கிராமங்களிலிருந்தே தெரிவு செய்யப்பட்டதால், முதியோரின் பேச்சும் பழக்கமும் இவர்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. அறுவைக்குப் பிந்திய சோதனைக்கு மருத்துவக் குழு மீண்டும் அதே ஊருக்குச் செல்லும்.

1992 இல் ஆரோலேப் என்னும் உற்பத்திப் பிரிவு தொடங்கப்பட்டது. அன்று இறக்குமதியான உள்விழி வில்லை ஒன்று ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர் விலையில் இருந்தது. ஆரோலேப் அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. முகாமில் வந்த ஏழை முதியவரும் கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்திக்கொள்ள முடிந்தது. சோடாப்புட்டிக் கண்ணாடியின் காலம் இதனால் முடிவுக்கு வந்தது.

ஆய்வுகளும் குறைகளும்

முகாம்கள் தேவையானோர் அனைவரையும் எட்டின எனக் கூற இயலாது. 1991 இல் வெளியான ஓர் ஆய்வில், தமிழகக் கிராமங்களில் பல்வேறு அணுகுமுறைகள் ஒப்பிடப்பட்டன. அறுவை இலவசம் என்பதோடு நில்லாமல் பயணச் செலவையும் உணவையும் ஏற்றுக்கொண்ட இடங்களில் கூடுதலானோர் அறுவைக்கு இசைந்தனர். ஏற்கனவே அறுவை செய்துகொண்ட ஒருவரே வீடு வீடாகச் சென்று எடுத்துச் சொல்லும் முறையும் இவ்வாய்வில் சோதிக்கப்பட்டது.

1999 இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு கசப்பானது. அரவிந்த் முகாம்கள் நடைபெற்ற கிராமங்களில் கண் குறை உடையோரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர். வீட்டுப் பொறுப்பு, செலவு, அச்சம் ஆகியன தடைகளாகக் கூறப்பட்டன. முகாம்கள் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும், அடுத்த தெருப் பள்ளிக்கூடம் வரைகூட வராதோர் பெரும்பான்மையாக இருந்தனர் என்பது இதன் பொருள். ஆண்டுக்கு ஒருமுறை வந்து செல்லும் முகாமை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதும் தெளிவாயிற்று. இம்முடிவை நிறுவனம் மறைக்கவில்லை. ஆய்வில் அரவிந்த் நிறுவனத்தினரும் பங்கேற்றிருந்தனர்.

பார்வை மையங்கள்

இதன் தொடர்ச்சியாக 2004 முதல் சிற்றூர்களில் நிலையான பார்வை மையங்கள் தொடங்கப்பட்டன. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்துப் படமெடுப்பார். தொலைவிலுள்ள மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார். தேனி வட்டாரத்தில் இதற்கான இணைப்பைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாக ஆய்வாளர்கள் அமைத்தனர். வீடுகளில் பயன்படும் வை-ஃபை நுட்பத்தையே, திசைசார் அலைக்கம்பங்களைக் கொண்டு பல கிலோமீட்டர் தொலைவுக்கு நீட்டினர். இதில் வானலையை விட மின்சாரமே பெரும் தொல்லை தந்தது. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் கருவிகள் அடிக்கடி பழுதாயின. உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பழுது நீக்கக் கற்றுக்கொடுத்த பின்னர்தான் இணைப்புகள் நிலைத்தன. செயற்கைக்கோள் இணைப்புடன் கூடிய நடமாடும் ஊர்தியும் சர்க்கரை நோயாளரின் விழித்திரையைச் சோதிக்கப் பயன்படுத்தப்பட்டது.

வெங்கடசாமியின் இறுதி ஆண்டுகளில் தொடங்கிய இம்மையங்கள் அவர் மறைவுக்குப் பின் பெருகின. நடக்கக்கூடிய முதியவருக்கு இவை போதுமானவை. படுக்கையில் இருப்போருக்கும் முதியோர் இல்லங்களில் வாழ்வோருக்கும் மையம் அருகில் இருந்தும் பயனில்லாமல் போவதுண்டு. ஐதராபாத்தின் 41 முதியோர் இல்லங்களில் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் நடத்திய ஆய்வில், அங்கு வாழ்வோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குப் பார்வைக் குறை காணப்பட்டது. அதற்கு முதன்மைக் காரணங்கள் கண்புரையும் கண்ணாடி அணியாமையும் ஆகும். இவ்விரண்டும் எளிதில் நீக்கக்கூடியவை. நகரத்தின் நடுவிலேயே, பெரிய மருத்துவமனைகளுக்கு அருகில், இந்நிலை இருந்தது. சோதனைக் குழு இல்லத்துக்கே கருவிகளைக் கொண்டு சென்றதால்தான் இது தெரியவந்தது.

விருதுகளும் மறைவும்

இந்திய அரசு 1973 இல் வெங்கடசாமிக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 1987 இல் எலன் கெல்லர் பன்னாட்டு விருதைப் பெற்றார். ஆர்வர்டு வணிகப் பள்ளி 1993 இல் அரவிந்த் மருத்துவமனையைப் பற்றிய பாட ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அது உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் பயிற்றுவிக்கப்படுகிறது.

முதுமையிலும் நாள்தோறும் மருத்துவமனைக்கு வருவதை வழக்கமாகக் கொண்டிருந்த வெங்கடசாமி, 2006 சூலை 7 அன்று மதுரையில் தமது 87 ஆம் வயதில் காலமானார். அரவிந்த் நிறுவனத்துக்கு 2008 இல் கேட்சு உலக நல விருதும் 2010 இல் கான்ராட் இல்டன் மனிதநேய விருதும் வழங்கப்பட்டன. வெங்கடசாமியின் நூறாவது பிறந்த நாளான 2018 அக்டோபர் 1 அன்று கூகுள் தேடுபொறி தன் முகப்பில் அவருடைய ஓவியத்தை வெளியிட்டது.